விற்றமின் பி குறைபாடும் நரம்புப் பாதிப்பும்

விற்றமின் பி1 (தயமின்) குறைவதால் பெரிபெரி நோய் ஏற்படுகிறது. ‘முடியாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கருதப்படுகிறது.

நரம்புக் கலங்கள் குளுக்கோசிலிருந்து சக்தியைப் பெறுவதற்குத் தயமின் அவசியம். அது குறையும்போது கால்களுக்குச் செல்லும் நீண்ட நரம்புகள் முதலில் பாதிக்கப்படுகின்றன. இதனால் பாதங்களில் விறைப்பும் கால்களில் பலவீனமும் தோன்றும்.

1890களில் யாவாவில் ஒல்லாந்த மருத்துவரான ஐக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளின் கால்கள் செயலிழப்பதையும், தவிடு கொடுத்ததும் அவை குணமடைவதையும் அவதானித்தார். 1929 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பகுதி அரிசியினுள் செல்கிறது. ஆகவே தீட்டிய பச்சையரிசியை விட, யாழ்ப்பாணத்தில் நாம் உண்ணும் புழுங்கலரிசியில் தயமின் கூடுதலாக உண்டு.

நரம்பைச் சூழ்ந்துள்ள மயலின் கவசத்தைப் பேண விற்றமின் பி12 தேவை. காங்கேசன்துறைக் கடலில் பிடிபடும் மீன், நண்டு என்பவற்றில் இது உண்டு. தாவர உணவுகளில் இயற்கையாக இல்லை. மரக்கறி உணவு மட்டும் உண்போர் பால், தயிர் என்பவற்றைச் சேர்த்தல் வேண்டும். பி12 குறைபாட்டுக்குச் சிகிச்சை தாமதித்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

வினா: சோற்றுக் கஞ்சியை வடித்து ஊற்றுவதால் தயமின் இழக்கப்படுவது ஏன்?
விடை: தயமின் நீரில் கரையும் விற்றமின் ஆகும்.