விதியும் விலக்கும்

கட்டடமும் கணினியும் – 14

சுவரானது தான் சுவர் என்றும், கதவானது தான் கதவு என்றும், தன் நீள அகலங்கள் இன்னவை என்றும் தானே எடுத்துச் சொல்லும்படி அமைந்த முப்பரிமாண மாடல் ஒன்று, ஐஎஃப்சி என்னும் பொது வடிவத்தில் எழுதப்பட்டுப் பல கைகள் மாறி வருகிற விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படி வந்து சேர்ந்த மாடலைச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் முன்னே வைத்துக்கொண்டு ஓர் இயந்திரம் விசாரணை செய்ய முடியுமா என்பது நாம் மீதி வைத்த கேள்வி. முடியும். ஆனால், விசாரிக்கிற இயந்திரத்துக்குக் கேள்விகளை எழுதிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுடைய தொழிலைப் பற்றியே இந்த வாரம் எழுத உத்தேசம்.

விதி என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தலையெழுத்து. அடுத்தபடியாகத்தான் இலக்கணமும் சட்டமும். இத்தொழிலில் இருப்பவர்கள் 'ரூல்' என்றும் 'ரூல்செட்' என்றும் பேசிப் பழகியவர்களாதலால், இந்தச் சொற்சிலேடை அவர்களுடைய காதில் விழுவதில்லை. இருந்தாலும், அலுவலகத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒருவர் எழுதிவைக்கிற விதி, எங்கோ கட்டப்படுகிற ஒரு கதவு வழியாகச் சக்கர நாற்காலி நுழையுமா, இடித்துக்கொண்டு நிற்குமா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கிறபோது, இரண்டு அர்த்தங்களும் ஒன்றாகிவிடுகின்றன என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

சட்டத்தின் வாசகத்தை இயந்திரம் படிக்கத்தக்கதாக மாற்றும் முயற்சி நேற்று முளைத்ததன்று. 1966லேயே அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீவன் ஃபென்வெஸ், கட்டமைப்புப் பொறியியல் விதிகளை 'இந்த நிபந்தனைகள் கூடினால் இந்த முடிவு' என்ற முறையில் அட்டவணைகளாக எழுதலாம் என்று காட்டினார். பத்தி பத்தியாக ஓடுகிற வாசகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்போது, அதில் எந்தெந்த நிலைமைகளுக்கு விடையே சொல்லப்படவில்லை என்பதும் வெளிப்பட்டுவிடும். வக்கீல்களுக்கு இது அவ்வளவு பிரியமான சங்கதியாக இராது. பிற்பாடு சிங்கப்பூர் அரசாங்கம், தன் கோர்நெட் திட்டத்தின் கீழ் ஈ-பிளான்செக் என்ற ஏற்பாட்டைச் செய்து, கட்டடத் திட்டங்களை மாடலாகவே வாங்கி இயந்திரத்தைக் கொண்டு பரிசோதிக்கத் துணிந்தது. அது ஒரு பெரிய முயற்சி. ஆனால், அதன் விதிகள் சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரலாக எழுதப்பட்டிருந்தன. ஆகவே விதியின் ஓர் எண்ணை அறிந்தவர் ஒருவராகவும், அதை மாற்றத் தெரிந்தவர் வேறொருவராகவும் இருக்க நேர்ந்தது.

இந்தப் பிரிவினையை நீக்குவதையே 1999இல் ஹெல்சிங்கியில் தொடங்கப்பட்ட சொலிப்ரி போன்ற மென்பொருள்கள் தங்கள் உபாயமாகக் கொண்டன. விதியின் தர்க்கத்தை மென்பொருள்காரர்களே எழுதி ஓர் அச்சாக வார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்; அந்த அச்சில் எந்தப் பொருளை, எந்தக் குணத்தை, எந்த அளவைப் போடுவது என்பதை நிரல் எழுதத் தெரியாத கட்டடக் கலைஞரும் பொறியாளரும் நிரப்பிக்கொள்ளலாம். ஜாவா மொழியில் தர்க்கத்தையே புதிதாக எழுதிச் சேர்ப்பதற்கும் பிற்காலத்தில் வழி திறந்தார்கள் என்றாலும், நான் அறிந்த அலுவலகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலை அச்சுகளைக் கொண்டே நடக்கிறது.

வேலை நடக்கிற விதம் இது. திரையின் ஒரு பக்கத்தில் அச்சு விதிகளின் நூலகம் இருக்கும். அதிலிருந்து வேண்டியதை இழுத்து நம் தொகுப்பில் போட்டால் ஒரு பிரதி விழும். அந்தப் பிரதிக்குப் பெயரும் விளக்கமும் எழுதி, அதன் பாராமீட்டர்களை நிரப்ப வேண்டும். நிரப்ப வேண்டியவற்றுள் முதன்மையானது ஃபில்டர் அட்டவணை. இன்னின்ன பொருள்களைச் சேர், இன்னின்னவற்றை விலக்கு என்பது ஒரு பத்தி. பொருளின் வகை அடுத்தது. பிறகு குணம், ஒப்பிடும் முறை, மதிப்பு. விதியில் அகப்படும் குற்றங்களுள் எது கொடியது, எது நடுத்தரம், எது அற்பம் என்று தரம் பிரிப்பதற்கும் இடம் உண்டு. ஒரு விதியை மற்றொரு விதிக்குக் கீழே தொங்கவிட்டு, மேல்விதியில் தேறிய பொருள்களை மட்டுமோ தவறியவற்றை மட்டுமோ கீழ்விதி பரிசீலிக்கும்படியும் செய்யலாம். இதற்கு 'கேட்கீப்பர்' என்று பெயர். பழைய இலக்கண நூல்களில் ஓர் அதிகாரச் சூத்திரம் தலைமேல் நின்றுகொண்டு பின்வரும் சூத்திரங்களை ஆளுகிற முறையை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தென்படாது. தீத்தடுப்புக் கதவில் அதன் தாங்குநேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்பது மேல்விதி. எழுதப்பட்டிருந்தால் அந்த நேரம் போதுமா என்பது கீழ்விதி.

இவ்வளவையும் அரை நாளில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். எஞ்சியதைக் கற்பிக்க எனக்கு எத்தனை நாள் பிடித்தது என்பதைச் சொல்லத்தான் அமெரிக்காவில் கட்டப்படவிருந்த ஒரு சிறு மருத்துவமனையின் கதைக்கு வருகிறேன். அதன் மாடல் சோதனைக்காகச் சென்னையில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வந்திருந்தது. ஊனமுற்றோர்க்கான அமெரிக்கச் சட்டத்தின் கீழ் 2010இல் வெளியான விதிகளைத் தழுவி, கழிவறைகளின் கதவு அகலத்தைச் சோதிக்க ஒரு தொகுப்பு எழுதும்படி, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணிடம் ஒப்படைத்திருந்தேன். மறுநாள் மத்தியானமே வந்து நின்றாள்.

"சார், ஒரு சிவப்புகூட வரலை. அனுப்பிடட்டுமா?"

போய்ப் பார்த்தேன். சிவப்பு இல்லை என்பது மெய்தான்; ஆனால், பச்சையும் இல்லை. விதியின் பெயருக்கு நேரே ஒரு சிறு கோடு மட்டும் கிடந்தது.

"இந்தக் கோடு என்னம்மா?"

"ப்ராப்ளம் எதுவும் இல்லைன்னு அர்த்தம் இல்லையா, சார்?"

இல்லை. விசாரிப்பதற்கு ஓர் ஆள்கூட அகப்படவில்லை என்பது அந்தக் கோட்டின் பொருள். அவள் எழுதிய ஃபில்டர், 'டாய்லெட்' என்ற பெயருடைய அறைகளைத் தேடியது. அந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞரோ தம் அறைகளுக்கெல்லாம் 'ரெஸ்ட்ரூம்' என்று பெயரிட்டிருந்தார். கச்சேரிக்கு ஒருவருமே வராத ஊரைக் குற்றமற்ற ஊர் என்று எழுதி அனுப்ப இருந்தோம்! இத்தொழிலில் இதைக் காட்டிலும் அபாயமான பிழையை நான் கண்டதில்லை. ஏனென்றால் சத்தம் போடுகிற பிழையை யாராவது ஒருவர் திருத்திவிடுவார், மௌனமாக இருக்கிற பிழையோ கட்டடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பெயரை நம்பி விதி எழுதுவதை அன்றே நிறுத்தினோம். அறைகளையெல்லாம் முதலில் அவற்றின் உபயோகத்தைக் கொண்டு வகைப்படுத்தி, அந்த வகைப்பாட்டின் மேல் விதியை நிறுத்தி, வகைப்படாமல் மிஞ்சிய அறை ஒன்றாவது இருந்தால் அதையே குற்றமாகக் காட்டும்படி தனி விதி ஒன்றும் அவளை எழுதச் செய்தேன்.

இப்போது கோடு மறைந்து பச்சை வந்தது. அதிலும் எனக்கு ஒரு சந்தேகம். சட்டம் கேட்பது 32 அங்குலத் தெளிவகலம். கதவை 90 பாகை திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலைச்சட்டத்தின் தடுப்பு விளிம்பு வரையில் அளக்க வேண்டும் என்று அளக்கிற முறையையும் அதுவே சொல்லிவிடுகிறது. அவள் விதியில் வைத்திருந்த குணமோ, ஐஎஃப்சியில் கதவுக்கு இயல்பாகவே வரும் மொத்த அகலம். மொத்த அகலம் 36 அங்குலம் என்று இருக்கிற கதவில், இருபுறமும் நிலைச்சட்டம் இரண்டிரண்டு அங்குலம் போனால் மிச்சம் 32. சட்டம் கேட்ட அதே எண் வந்துவிட்டதே என்று மனம் திருப்தியடைகிற இடம் இது. ஆனால், திறந்து நிற்கிற கதவுப் பலகையின் கனம் ஒன்றே முக்கால் அங்குலம் அந்த வழிக்குள்தான் நிற்கிறது. அதைக் கழித்து, தடுப்பு விளிம்பையும் கழித்தால் ஏறக்குறைய 30 அங்குலமே மிஞ்சும். மாடலில் 36 என்று எழுதியதும் பொய்யன்று. விதியில் 32 என்று எழுதியதும் பொய்யன்று. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டதுதான் பொய்.

அளவுகளைப் பற்றிய இன்னொரு விசித்திரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 32 அங்குலத்தைக் கணக்குப் பார்த்து மாற்றினால் 812.8 மில்லிமீட்டர், அந்தச் சட்டநூலிலோ அடைப்புக்குறிக்குள் 815 என்று அச்சிட்டிருக்கிறது. மனிதன் கையில் டேப்பை வைத்துக்கொண்டு அளக்கிறவரையில் இந்த 2.2 மில்லிமீட்டரைப் பற்றி எவருக்கும் கவலை இல்லை. இயந்திரத்திடம் 815 என்று சொல்லிவைத்தால், சரியாக 32 அங்குலத்துக்கு வரைந்த நிரபராதியான கதவுகள் எல்லாவற்றையும் அது கூண்டில் ஏற்றிவிடும். படங்கள் அங்குலத்தில் இருந்தமையால் அங்குலத்தையே பிரமாணமாகக் கொண்டு, ஏன் அப்படிக் கொண்டோம் என்பதை விதியின் விளக்கத்தில் எழுதிவைத்தோம். விளக்கம் எழுதாத விதி உரை இல்லாத சூத்திரம். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போன மறுநாள் அதன் பொருளும் அவரோடு போய்விடும்.

தெளிவகலத்தைத் தனிக் குணமாக ஒவ்வொரு கதவிலும் எழுதி அனுப்பும்படி கட்டடக் கலைஞரைக் கேட்டுக்கொண்டோம். மொத்த அகலத்திலிருந்து 6 அங்குலம் கழிக்கிற ஒரு சூத்திரத்தைக் கொண்டு அவரும் நிரப்பி அனுப்பினார். கழிவறைகளோடு நிறுத்தாமல் மற்ற வழிகளின் கதவுகளையும் விசாரித்துவிடலாம் என்று நாங்கள் ஃபில்டரை அகல விரித்ததும், விதியின் சீற்றம் வேறு திசையில் திரும்பியது: மின்குழாய்கள் ஏறுகிற குறுகிய அறையின் கதவு, குழாய்ப் பராமரிப்புக்கான சிறு கதவு, ஆள் நுழைவதற்கே உத்தேசிக்காத கதவுகள் எல்லாம் சிவந்து நின்றன. விலக்குகளை எழுதுகிற நிதானம் இங்கேதான் வேண்டும். சிவப்பைக் காணச் சகியாமல் ஒவ்வொரு கதவாக விலக்கிக்கொண்டே போகிறவர், இறுதியில் விதியே இல்லாத ஒரு விதியை வைத்துக்கொண்டிருப்பார். 'இந்தக் கதவை விலக்கு' என்று எழுதாதே, 'இந்தக் காரணமுள்ள கதவுகளை விலக்கு' என்று எழுது என்பதுதான் நான் அவளுக்குச் சொன்னது. காரணத்தைப் பெயர் சொல்லி எழுத முடியாத விலக்கு, பெரும்பாலும் விலக்கே அன்று. மாடலில் திருத்த வேண்டிய பிழைதான்.

இடையில் நேர்ந்த ஒரு சிறு அனர்த்தத்தையும் மறைக்கவில்லை. மாடலுக்குள் ஏற்றிவிட்ட விதியின் பாராமீட்டரைத் திருத்தினால் அத்திருத்தம் அந்த மாடலோடு நின்றுவிடும். தனியே சேமித்து வைத்திருக்கிற தொகுப்புக் கோப்புக்கு அது தானாகப் போய்ச் சேராது. அவள் மூன்று நாள் திருத்தியதெல்லாம் மாடலுக்குள். அடுத்த கட்டத்தின் மாடலுக்கு ஏற்றியதோ பழைய கோப்பு. பழைய 'டாய்லெட்' மறுபடியும் எழுந்து வந்தது, பழைய கோடும் வந்தது. ஆனால், இம்முறை அந்தக் கோட்டைக் கண்டதும் அவளே, "சார், ஆளே சிக்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்க் கோப்பைத் தேடினாள்.

விதியைக் கொண்டு மாடலைச் சோதிக்கிறோமே, விதியைச் சோதிப்பது யார்? இதற்கென்று ஒரு பொய் மாடல் கட்டிவைத்துக்கொள்வது என் வழக்கம்: ஒரே ஒரு சுவர், அதில் வேண்டுமென்றே பிழையாக வைத்த சில கதவுகள். அவளையும் அப்படி ஒன்று கட்டச் சொன்னேன். தெளிவகலம் 31, 31 முக்கால், 32, 33 அங்குலமாக நான்கு கதவுகள். தெளிவகலமே எழுதாமல் வெறுமையாக விட்ட கதவு ஒன்று. மொத்தம் 48 அங்குலத்தில் இரட்டைக் கதவு ஒன்று. இயந்திரத்தை ஓட்டுமுன் எவையெவை தவற வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். முதல் இரண்டு, வெறுமையானது, இரட்டைக் கதவு என்று நான்கு எழுதினாள். இரட்டைக் கதவை ஏன் சேர்த்தாய் என்று கேட்டதற்கு, இரண்டு பலகையுள்ள வழியில் திறந்து புழங்குகிற பலகை ஒன்றாவது தனியாக அந்த அகலத்தைத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றாள். நூலைப் படித்திருக்கிறாள் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

இயந்திரம் மூன்றைப் பிடித்தது. வெறுமையான கதவைக் கேட்கீப்பர் விதி வாசலிலேயே நிறுத்திவிட்டது. முதல் இரண்டும் சிவந்தன. இரட்டைக் கதவோ பச்சையாக நின்றது. 48இல் 6 போக 42, கேட்டதோ 32. கலைஞரின் சூத்திரப்படி பார்த்தால் தாராளம். உண்மையில், நிலைச்சட்டம் போக மிஞ்சுகிற 44 அங்குலத்தை இரண்டாகப் பகிர்ந்தால் பலகைக்கு 22. கனமும் கழித்தால் 20 அங்குலத்துக்குச் சற்று மேல். அப்பெண் காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, மருத்துவமனை மாடலில் இரட்டைக் கதவுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதற்காக நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

(தொடரும்)