ஓசை ஒன்று, பொருள் வேறு

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழிகளைப் படிக்கத் தொடங்குகிறார்கள். மலாய்ச் சொல்லைப் பெரும்பாலும் ஒலிக்கிறபடியே எழுதிவிடலாம். 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவான எழுத்துமுறையை ஏற்றபின் அது மேலும் சீராயிற்று. ஆங்கிலமோ அப்படியன்று. ஒரே ஓசையுள்ள இரு சொற்களை அது இரு விதமாக எழுதும்.

இதைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. அரம் வேறு, அறம் வேறு. பல்லி வேறு, பள்ளி வேறு. இவற்றை மயங்கொலிச் சொற்கள் என்று நாம் இலக்கண வகுப்பிலேயே கற்கிறோம். ஆங்கில மயங்கொலிகளையும் அவ்வாறே பழக வேண்டும்.

'பிரேக்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பி-ஆர்-ஈ-ஏ-கே என்று எழுதினால் உடைத்தல். பி-ஆர்-ஏ-கே-ஈ என்று எழுதினால் லோரியை நிறுத்தும் கருவி. 'ஹோல்' என்பதும் இத்தகையதே. எச்-ஓ-எல்-ஈ என்றால் துளை. முன்னே ஒரு டபிள்யூ சேர்ந்தால் 'முழுமை' என்று பொருள். சில மருந்துப் பெட்டிகளில் 'ஸ்வாலோ ஹோல்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். மாத்திரையை மெல்லாமல், உடைக்காமல், முழுதாக விழுங்க வேண்டும் என்பது அதன் பொருள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால், பல மணி நேரத்தில் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கி ஆபத்தை விளைவிக்கக்கூடும். வீட்டில் உள்ள பாட்டிக்கு மருந்து கொடுக்கும் பிள்ளை அந்த ஒரு சொல்லைச் சரியாகப் படித்தாக வேண்டும்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? இரவைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லுக்கும், கே எழுத்தில் தொடங்கும் வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லுக்கும் முன்பு ஒலி வேறுபாடு இருந்தது. அந்தக் கே எழுத்தை அன்று ஒலித்தார்கள். 1476-இல் வில்லியம் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் அமைத்தபின் எழுத்து சிறிது சிறிதாக நிலைபெற்றது. மக்களின் நாவோ மாறிக்கொண்டே போயிற்று. ஓசை போனபின்னும் எழுத்து நின்றுவிட்டது.

இன்னொரு குழப்பம் நம் பக்கத்தில் உண்டாவது. மாத்திரைக்கும் ஒரு 'பில்', கடைக் கணக்குக்கும் ஒரு 'பில்'. ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு ஒலிகள். இரண்டுக்கும் தமிழில் 'ப' என்ற ஓர் எழுத்தே இருப்பதால் நமக்கு ஒன்றாகத் தோன்றுகின்றன. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொல்லச் செய்யுங்கள். மாத்திரையைச் சொல்லும்போது காற்று கையில் மோத வேண்டும். கணக்கைச் சொல்லும்போது அவ்வளவாக மோதாது. கப்பலாகிய 'ஷிப்', ஆடாகிய 'ஷீப்' ஆகியவற்றில் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதில்லை. குறிலும் நெடிலும் அவர்களுக்குப் பழகியவை அல்லவா?

பெற்றோர்களே, இரட்டைச் சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் புகட்டாதீர்கள். ஒன்று நன்கு படிந்தபின் மற்றதைக் கொடுங்கள். தனிச் சொல்லாக ஒப்புவிக்கச் சொல்லாமல், ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள். இன்றிரவே வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதில் எழுதியிருப்பதை உரக்கப் படிக்கச் செய்து, பொருளையும் கேளுங்கள்.