கடவுச்சீட்டும் விசாவும்

நம்முள் பலருடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வந்தபோது யாரிடமும் இசைவு கேட்கவில்லை. ஒரு பயணச்சீட்டே போதுமானதாக இருந்தது. நாட்டின் எல்லையைக் கடப்பது அவ்வாறன்று. மைசூரு அரண்மனையைக் காண வரும் வெளிநாட்டவருள் பெரும்பாலோர் இந்திய அரசிடம் முன்னரே விண்ணப்பித்து விசா பெற்றவர்கள். அவர்கள் வந்து தங்கிய 24 மணி நேரத்திற்குள் விடுதியினர் அவர்களைப் பற்றிய விவரங்களை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

கடவுச்சீட்டையும் விசாவையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அது பிழை. கடவுச்சீட்டு, ‘இவர் எம் குடிமகன்’ என்று நம் நாடு வழங்கும் சான்று. விசாவோ, ‘எம் நாட்டிற்குள் வரலாம்’ என்று நாம் செல்லவிருக்கும் நாடு அளிக்கும் இசைவு. நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளுக்குச் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை.

முற்காலத்தில் மைசூரு மக்கள் கடவுச்சீட்டுக்காக ஏறத்தாழ 140 கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2017 சனவரி 25 அன்று மைசூரு அஞ்சலகத்திலேயே கடவுச்சீட்டுச் சேவை மையம் திறக்கப்பட்டது. அதே நாளில் குஜராத்தின் தாகோத் நகரிலும் ஒன்று திறக்கப்பட்டது. நாட்டில் முதன்முதலாகத் தோன்றிய அஞ்சலக மையங்கள் இவ்விரண்டுமே.

பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சிறுவர்களுடையது பொதுவாக 5 ஆண்டுகளுக்கே செல்லும். அது முடிய இன்னும் 6 மாதமேனும் இருந்தால்தான் பல நாடுகள் உள்ளே விடும். இதை அறியாமல் விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பியவர்கள் உண்டு.

விசாவில் எந்த வகை என்பதே மிகவும் கவனிக்கத்தக்கது. சுற்றுலா விசா ஊர் காண்பதற்கு மட்டுமே. அதைக் கொண்டு பணிபுரிதல் சட்டப்படி குற்றம். ‘இப்போது சுற்றுலா விசாவில் செல்லுங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்’ என்று கூறும் முகவர்களை நம்பி இடர்ப்பட்டோர் பலர். தாய்லாந்தில் கணினித் துறை வேலை என்று ஆசை காட்டப்பட்ட தமிழ் இளைஞர் சிலர், 2022ஆம் ஆண்டில் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டனர். அங்கு இணையவழி மோசடிகளில் ஈடுபடுமாறு வற்புறுத்தப்பட்டனர். இந்தியத் தூதரகங்களின் முயற்சியால் பலர் மீட்கப்பட்டனர். வேலை தருவதாகக் கூறும் நிறுவனம் உண்மையானதா என்பதை அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வழியே உறுதி செய்துகொள்ளுமாறு வெளியுறவு அமைச்சகம் அப்போது அறிவுறுத்தியது.

கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் படிகளைத் தனியே ஒரு பையிலும் வீட்டாரிடமும் வைத்துச் செல்வது நலம். வெளிநாட்டில் கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் அவ்வூர்க் காவல் நிலையத்தில் முறையிட வேண்டும். பின்னர் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். உடனே தாயகம் திரும்ப வேண்டியவருக்குத் தூதரகம் அவசரச் சான்றிதழ் வழங்கும். அதனைக் கொண்டு இந்தியாவுக்குத் திரும்பலாம். வேறு நாட்டிற்குச் செல்ல இயலாது.