ஒரு சிறு பள்ளி தரும் பாடம்

தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஓர் ஆசிரியருமாவார். அவருடைய தாயார் செவிப்புலன் குன்றியவர். துணைவியார் சிறுவயதிலேயே அதனை இழந்தவர். 1883ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிலே செவிப்புலனற்ற சிறார்க்கெனச் சிறியதொரு தனியார் பகற்பள்ளியை அவர் தொடங்கினார். பிள்ளைகள் விடுதியில் ஒதுங்காது, பெற்றோருடன் வாழ்ந்து கற்றல் வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டே ஆண்டுகளில் அப்பள்ளி மூடப்பட்டது.

எண்ணம் நல்லதே. ஆயினும் சைகை மொழியை விலக்கிப் பேச்சையே பயிற்றல் வேண்டும் என அவர் வாதிட்டார். 1880இல் மிலான் நகரிற் கூடிய கல்வி மாநாடும் அவ்வாறே தீர்மானித்திருந்தது. அதன்பின் பல நாடுகளின் வகுப்பறைகளிற் சைகை தடுக்கப்பட்டது. பிள்ளைகள் தமக்கு இயல்பான மொழியை இழந்தனர். 2010இல் வன்கூவர் மாநாடே அத்தீர்மானங்களை நிராகரித்தது.

ஊரில் ஆசிரியராயிருந்த காலத்திற் பின்வாங்கிலே மௌனமாயிருந்த மாணவனை மந்தன் என நாமும் எண்ணியதுண்டு. அவனுக்குக் காது கேளாதென்பதைப் பிந்தியே அறிந்தோம்.

பெற்றோரே, அத்தகைய பிள்ளை உங்கள் இல்லத்தில் இருப்பின் மறைத்து வைக்காதீர்கள். அதன் சைகையை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். மாணவச் செல்வங்களே, அப்பிள்ளையை விளையாட்டிற் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்நிய மண்ணில் நம்மொழி காக்க முனையும் நாம், ஒரு பிள்ளையின் மொழியைப் பறித்தல் தகுமோ?