நர்ஸ் படிப்புக்குப் பெண்ணை அனுப்புமுன்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானதும், சுள்ளிக்கல்லிலும் கருவேலிப்படியிலும் உள்ள நம்மவர் வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பேராவது என்னைத் தேடி வருவார்கள். ரயில்வே குமாஸ்தாவுக்கு எந்த விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்யத் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. “பெண் நர்சுக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். எங்கே சேர்க்கலாம்?” என்று கேட்பார்கள். கையில் ஒரு தரகரின் விலாசச் சீட்டும் இருக்கும். எவ்வளவு பணம் ஆகும், அது எங்கிருந்து வரும், அந்த வேலை இன்னதென்று பெண்ணுக்குத் தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் வாடிவிடுகிறது. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல இவை. பெண் பதினோராம் வகுப்பில் பிரவேசிக்கும்போதே கேட்டிருக்க வேண்டியவை. ஆகவேதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எனக்கு இந்த அக்கறை வந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். என் தமக்கையின் மகளை, ஒரு தரகரின் பேச்சை நம்பி, அண்டை மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்த்தோம். தமக்கையின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. வார்டுக்குச் செல்லத் தொடங்கிய முதல் மாதத்திலேயே, இறந்துபோன ஒரு முதியவரின் உடலைத் துடைத்துச் சுத்தம் செய்யும் பணி அவளுக்கு வாய்த்தது. அன்றிரவு அவள் உண்ணவில்லை, உறங்கவுமில்லை. ஆனால் தொலைபேசியில், “நன்றாக இருக்கிறேன் அம்மா” என்றுதான் சொன்னாள். சங்கிலி மீட்கமுடியாமல் ஏலத்துக்குப் போனபோது நாங்களும் அவளிடம் வாய் திறக்கவில்லை. அவள் பயத்தை எங்களிடம் மறைத்தாள். நாங்கள் கடனை அவளிடம் மறைத்தோம். இரண்டாம் ஆண்டின் கட்டணத்துக்கு வழியின்றி அவள் வீடு திரும்பியபோதுதான் இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. பிறகு அவளுடைய அசல் சான்றிதழ்களைக் கேட்டால், மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஏழு மாதம் அலைந்தோம்.

மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. சரிபார்த்தவுடன் அசலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நகலை மட்டும் கொடுத்து வாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்து குடியேறிய நமக்குப் பணத்தைவிட முதற்சங்கடம் காகிதம். கேரளத்தில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் இடங்களுக்கான பொது ஒதுக்கீட்டைத் திருவனந்தபுரத்து எல்.பி.எஸ். மையம் நடத்துகிறது. ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டு டிப்ளமோவுக்குச் சுகாதாரத் துறை தனியே விண்ணப்பம் கோருகிறது. எதற்கு விண்ணப்பித்தாலும் பூர்வீகம் பற்றிய கேள்வி எழும். இம்மாநிலத்துத் தொழிற்படிப்புச் சேர்க்கை விதிகளின் சாரம் இதுதான்: விண்ணப்பிப்பவரோ, தாய் தந்தையரில் ஒருவரோ கேரளத்தில் பிறந்தவர் என்று காட்டினால் கேரளத்தவர். அவ்வாறு இல்லாவிடினும், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் மதிப்பெண் அடிப்படையிலான பொது இடங்களுக்குப் போட்டியிடலாம். ஆனால் சாதி ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிடையா. நுணுக்கங்கள் ஆண்டுக்காண்டு மாறக்கூடும். அவ்வாண்டின் கையேட்டை வாங்கி வரிக்கு வரி வாசித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

இதில் நம் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று நாம் பெண்களைத் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பிவிடுகிறோம். மூத்த மகளின் பிறப்பு அங்கே பதிவாகிறது. இளையவர்கள் மட்டாஞ்சேரி மகளிர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே பள்ளிக்குப் போன அக்காளும் தங்கையும், விண்ணப்பத் தாளில் வெவ்வேறு மாநிலத்தவராகிவிடுகிறார்கள்! தந்தை இங்கே பிறந்தவராயின், அவருடைய பிறப்புச் சான்றையோ கிராம அதிகாரியின் சான்றையோ இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்த மாதக்கணக்கில் ஆகும். பள்ளிப் பதிவேட்டில் மலையாளத்தில் ஒரு விதமாகவும், ஊர்ச் சான்றிதழில் தமிழில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது நம்மிடையே சர்வசாதாரணம்.

தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு மாநிலத்தில் அட்டவணை வகுப்பினராக உள்ளவர் பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றால், சென்ற இடத்தில் அந்தச் சலுகை தொடராது என்று உச்சநீதிமன்றம் 1990-ஆம் ஆண்டில் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இக்கொள்கையை உறுதி செய்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே முன்னோர் இங்கே குடியேறியிருந்தால், பழைய ஆதாரங்களைக் காட்டி இங்கேயே சான்றிதழ் கோர இடமுண்டு. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் தமிழ்நாட்டிலும், புதுச்சேரி ஜிப்மர் போன்ற மத்திய அரசு நிறுவனங்களிலும் பயன்படும். ஆகவே அவர்கள் கொச்சியை மட்டும் நம்பியிராமல் அவ்விடங்களுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பது நலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை வெளிமாநிலத்தில் படித்தவர்களிடம் தமிழ்நாட்டில் பூர்வீகச் சான்று கேட்பார்கள் என்பதையும் மறக்கலாகாது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இரண்டு ஊருக்கும் உழைத்துவிட்டு இரண்டு ஊரிலும் அந்நியராக நிற்கும் நிலைமை என்றுதான் சொல்வேன். ஆயினும் விதி மாறும்வரை பெண்ணின் வயது காத்திருக்காது.

தகுதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டப்படிப்புக்குப் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 விழுக்காடும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும்; டிப்ளமோவுக்கு ஆங்கிலத்துடன் 40 விழுக்காடு. மற்றப் பிரிவில் படித்தவர்களும் டிப்ளமோவில் சேரலாம் என்றாலும், கேரளத்து அரசுப் பள்ளிகளில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கே முதலிடம். கல்லூரியின் கட்டிடத்தைப் பார்த்து மயங்காமல், மாநில நர்சிங் கவுன்சிலும் பல்கலைக்கழகமும் அதை ஏற்றுக்கொண்டுள்ளனவா என்று பாருங்கள். கவுன்சிலில் பெயர் பதிவாகாவிட்டால், எத்தனை ஆண்டு படித்திருந்தாலும் நர்சாக வேலை செய்ய முடியாது.

இனிப் பணம். கட்டணம் மிகக் குறைவாயிருப்பது அரசுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும்; அவற்றில் இடம் கிடைப்பது மதிப்பெண்ணைப் பொறுத்தது. ஆகவே பதினோராம் வகுப்பில் உயிரியலுக்கும் ரசாயனத்துக்கும் வாங்கும் மார்க்கே நாம் சேர்க்கும் முதல் பணம் என்று கருதலாம். தனியார் கல்லூரியாயின் கடன் தவிர்க்க இயலாது. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடும் வேண்டாம், நம் கைப்பணமாக ஒரு பங்கு போடவும் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் கட்ட வேண்டியதில்லை. ‘தவணை இல்லை’ என்பதை ‘வட்டி இல்லை’ என்று நம்மவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பிசகு அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு கடன் வாங்குகிறோம் என்று கொள்க. வட்டி 9 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, பின்னதற்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. தனி வட்டியாகவே 1,26,000 ரூபாய் ஆகிறது. ஆகத் தவணை தொடங்கும் நாளில் கடன் 4 லட்சம் அன்று, 5,26,000. இதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 6,660 ரூபாய் வேண்டும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் (முதலாண்டில் மாதம் 750 ரூபாய், நான்காம் ஆண்டில் 3,000) தவணை சுமார் 5,070 ரூபாயாகக் குறையும். குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் வட்டி மானியமும் உண்டு. கடன் மனுவோடு அதையும் விசாரியுங்கள்.

இந்தத் தவணையை எந்தச் சம்பளத்திலிருந்து கட்டுவது? 2011, 2012 ஆண்டுகளில் கேரளத்துத் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் வீதிக்கு வந்து போராடினார்கள். அதன் தொடர்ச்சியாக, 2018 ஏப்ரலில் மாநில அரசு தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. அதற்கு முன் வாங்கிய சொற்பச் சம்பளத்தில் கல்விக்கடனை அடைக்க முடியாமல் தவித்த குடும்பங்கள் மிகப் பல. அவற்றுக்கு உதவவே 2017-ல் கேரள அரசு 900 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கொண்டுவர நேர்ந்தது. 20,000 சம்பளத்தில் 6,660 போனால் மூன்றில் ஒரு பங்கு. அண்டை வீட்டுப் பெண் ஜெர்மனியில் வாங்கும் சம்பளத்தை வைத்துக் கடனைத் தீர்மானிக்காதீர்கள். அது பரீட்சையும் பாஷையும் அனுபவமும் தாண்டிய பிறகு வருவது; வராமலும் போகலாம்.

வங்கி தராத சில்லறைச் செலவுகளும் உண்டு. சீருடை, காலணி, ஸ்டெதஸ்கோப், ரெக்கார்டு நோட்டுகள், விடுதிச் சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் கட்டணம், தவறிய பாடத்தை மீண்டும் எழுதக் கட்டணம். இவற்றுக்கென்று இரண்டாண்டுக்கு முன்பே தபால் நிலையத்தில் சேமிக்கத் தொடங்குங்கள். மகளுக்கு இன்னும் பத்து வயது ஆகவில்லை என்போர் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். மேற்படிப்புக்கு அதில் பாதி வரை எடுக்க வழியுண்டு.

பணத்தைச் சொன்னேன்; மனத்தைச் சொல்லாவிட்டால் கட்டுரை பாதிதான். கையில் விளக்கோடு நிற்கும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் படத்தைப் பார்த்துப் பெண்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த அம்மையார் புள்ளிவிவரத்தில் கைதேர்ந்தவர். லண்டன் புள்ளிவிவரச் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதற்பெண்மணி. 1860-ல் அவர் தொடங்கிய பள்ளியிலும் சரி, 1909-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய பள்ளியிலும் சரி, கற்பித்தது படுக்கை விரிக்கவும், புண் கழுவவும், மலசலம் எடுக்கவும், எடுத்ததை அளந்து எழுதவும்தான். இன்றும் அதுவே அஸ்திவாரம். அதன்மேல்தான் உடற்கூறும் நுண்ணுயிரியலும் மனோதத்துவமும் ஆங்கிலத்தில் வந்து ஏறுகின்றன. மலையாளத்தில் படித்த நம் பெண்கள் முதலாண்டில் திணறுவது இந்த ஆங்கிலத்தில்தான். பரீட்சை முடிந்த விடுமுறையில் நாளும் ஒரு பக்கம் அகராதியோடு வாசித்தால் பாதித் திணறல் குறையும். தமிழும் மலையாளமும் ஒருங்கே தெரிந்திருப்பது வார்டில் பெரிய அனுகூலம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நான் இப்போது எல்லோருக்கும் கூறும் யோசனை ஒன்றுண்டு. கருவேலிப்படி மகாராஜாஸ் தாலுகா ஆஸ்பத்திரி நமக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. உற்றார் யாரேனும் அங்கே படுத்திருந்தால், பெண்ணைத் துணையாக இரண்டு இரவு இருக்கச் செய்யுங்கள். வாந்தியைத் துடைக்கட்டும், மூன்று மணிக்கு ஒரு கிழவி கூப்பிடுவதைக் கேட்கட்டும், அந்த நேரத்திலும் விழித்து நடமாடும் நர்சைப் பார்க்கட்டும். காலையில் வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். ‘முடியாது’ என்றால் அது தோல்வியன்று. நான்கு லட்சம் மிச்சம். ‘போகிறேன்’ என்றால் அவளுக்கு எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று தெரிந்திருக்கிறது.

பெற்றோரின் மனமும் தயாராக வேண்டும். இரவு வேலை செய்யும் பெண்ணுக்கு வரன் அமையுமா என்று கவலைப்படுகிறவர்கள், அவள் சம்பளத்தில் தம்பியின் படிப்பை நடத்தத் தயங்குவதில்லை. இந்த இரட்டை வழக்கு எனக்கு விளங்கவில்லை. நோய் தொற்றுமே என்ற அச்சமோ நியாயமானது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, தாம் பணிவிடை செய்த நோயாளியிடமிருந்து நோய் தொற்றி 21-ஆம் தேதி காலமானார். சிறு பிள்ளைகள் இருவருக்குத் தாய். இதை மகளிடம் மறைக்காதீர்கள். கூடவே, காக்கும் வழிகளையும் செய்யுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் இடையே ஆறு மாதம். குழந்தைப் பருவத்தில் போட்டதற்குச் சான்று இல்லையேல், சேர்க்கைக்கு முன்பே டாக்டரைக் கேட்டுத் தொடங்கிவிட்டால் வார்டுக்குப் போகும் நாளில் பாதுகாப்பு ஆயத்தமாயிருக்கும்.

என் தமக்கையின் மகள் சான்றிதழ்கள் கைக்கு வந்த மறு ஆண்டில் மீண்டும் விண்ணப்பித்து, பொது ஒதுக்கீட்டில் இடம் பெற்று, வங்கிக் கடனில் படித்துக்கொண்டிருக்கிறாள். இம்முறை சேருமுன் அவளை எதிரில் உட்கார வைத்து, மேற்கண்ட கணக்கை முழுவதும் போட்டுக் காட்டினோம். கடன் நோட்டு அவளிடமே இருக்கிறது; மாத வட்டியை என் தமக்கை கட்டுகிறாள். வார்டில் மனம் கலங்கிய நாட்களில் அவள் இப்போது அழைத்துச் சொல்லிவிடுகிறாள். சில இரவுகளில் தமக்கை அரைமணி நேரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறாள். சென்ற மாதம் விடுமுறையில் வந்தவள், நோட்டைப் புரட்டி, வட்டியில் நான் 18 ரூபாய் கூடுதலாகக் கூட்டிவிட்டேன் என்று சுட்டிக் காட்டினாள். மறுபடி கூட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி.