மழைக்கு முன் கடையைக் காப்போம்

சிவாஜிநகர்ப் பக்கம் ‘சிம்லா ஆபீஸ்’ என்று ஒரு பஸ் நிறுத்தம் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். புனேயில் சிம்லா எங்கிருந்து வந்தது என்று நம் வீட்டுக் குழந்தைகள் கேட்பதுண்டு. 1928-ஆம் ஆண்டில் இந்திய வானிலை இலாகாவின் தலைமை அலுவலகம் சிம்லாவிலிருந்து இவ்வூருக்கு மாற்றப்பட்டது. பிற்பாடு தலைமை அலுவலகம் டில்லிக்குச் சென்றுவிட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. சிம்லாவில் ஓர் இரவில் வெண்பனி கொட்டிக் குவிந்துவிட்டால், கடைக்காரர்கள் காலையில் மண்வெட்டியால் வாசலை ஒதுக்கிய பின்னரே வியாபாரத்தைத் தொடங்க இயலும். நமக்கு அத்தொல்லை இல்லை. ஆயினும் மண்வெட்டி நமக்கும் வேண்டியிருக்கின்றது. அங்கே பனி, இங்கே வெள்ளமும் சேறும்.

நம்மவரிற் பலர் இவ்வூரில் மளிகைக் கடை, இட்லிக் கடை, மாவு அரைக்கும் கடை, காப்பிப் பொடிக் கடை என்று சிறு தொழில் நடத்திக் குடும்பத்தைக் காத்து வருகின்றனர். பெரிய கம்பெனிகளுக்கு ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் நஷ்டம். நமக்கோ அது பத்து வருஷத்துச் சேமிப்பு. ஆகவே இதைப் பற்றி நம் அன்பர்களுடன் சில வார்த்தை பேச விரும்புகின்றேன்.

புனே நகருக்குள் பெய்யும் மழை ஒன்று. மேற்கே சஹ்யாத்ரி மலையில் பெய்யும் மழை மற்றொன்று. பான்ஷெத், வரஸ்காவ் முதலிய அணைகளின் நீர் கடக்வாஸ்லாவில் வந்து சேர்கின்றது. அங்கிருந்து திறந்துவிடும் நீர் முட்டா நதி வழியாக நகருக்குள் வருகின்றது. ஊரில் தூறல் மட்டும் இருக்கையிலும் ஆறு பெருகுவது இதனால்தான். 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி, கட்டி முடியாதிருந்த பான்ஷெத் மண் அணை காலையில் உடைந்தது. அந்த நீரைத் தாங்காமல் பழைய கடக்வாஸ்லா அணையும் அன்றே உடைந்தது. ஆற்றோரப் பேட்டைகள் நீரில் மூழ்கின. உயிரும் உடைமையும் பெருமளவில் அழிந்தன. நகருக்குக் குடிநீர் தந்த அணையே போய்விட்டதால், வெள்ளத்தில் தப்பியவர்களும் குடிக்க நீரின்றித் தவித்தனர்.

அது பழைய கதை என்று எண்ணலாகாது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு, காத்ரஜ் பக்கத்திலிருந்து வரும் ஆம்பில் ஓடை பெருகி, மதில்களை இடித்துக்கொண்டு குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் அந்த மழையில் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி கடக்வாஸ்லாவிலிருந்து வினாடிக்கு 35,000 கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. சிங்ககட் சாலையில் ஏக்தா நகரி மூழ்கி, ராணுவத்தினர் வந்து உதவ நேர்ந்தது.

அதே நாள் விடியுமுன் டெக்கான் பகுதியில் ஆற்றையடுத்து நடந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை. தள்ளுவண்டியில் உணவு விற்றுப் பிழைத்த மூவர், நீர் ஏறுவதைக் கண்டு தங்கள் வண்டியை அப்புறப்படுத்தச் சென்றனர். நீரில் மின்சாரம் பாய்ந்திருந்தது. மூவரும் அங்கேயே இறந்தனர். ஒரு தள்ளுவண்டியின் விலை என்ன? மூன்று உயிரின் விலை என்ன? ஆனால் அந்த வண்டிதான் தங்கள் சோறு என்று எண்ணி ஓடியவர்களை நாம் எவ்விதம் குறை கூறுவது? வெள்ளம் வந்த பிறகு எவனுக்கும் நிதானம் இராது. ஆகையால் நிதானம் உள்ள மே மாதத்திலேயே வேலையை முடித்துவிட வேண்டும்.

நான் ரயில்வேயில் சரக்குப் பிரிவுக் குமாஸ்தா. கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடைப்பட்ட மலைப்பாதையில், தளர்ந்த பாறைகளை மழைக்கு முன்பே தேடிப் பார்த்துத் தள்ளிவிடுவது ரயில்வேயின் வழக்கம். பாறை விழுந்த பின் எடுப்போம் என்று இருந்தால் வண்டி ஓடாது. சரக்குக் கொட்டகையிலும் மூட்டையைத் தரையில் வைப்பதில்லை. அடியில் மரக்கட்டை இட்டே அடுக்குவோம். இவ்விரண்டு வழக்கமும் நம் கடைக்கும் பொருந்தும்.

முதலாவது, உங்கள் கடை ஆற்றோரமா, ஓடையோரமா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றோரம் என்றால் அணை திறக்கும் செய்தி முன்னதாகக் கிடைக்கும். சில மணி நேர அவகாசம் உண்டு. ஓடையோரம் என்றால் அந்த அவகாசமும் இல்லை. வானிலை இலாகா சிவப்பு எச்சரிக்கை விடுத்த அன்றே சரக்கை மேலே ஏற்றிவிடுவது நலம். சென்ற வெள்ளத்தில் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அக்கம்பக்கத்தாரை விசாரித்துச் சுவரில் கோடிடுங்கள். அக்கோட்டுக்குக் கீழே சர்க்கரை, உப்பு, மாவு, அரிசி எதுவும் இருக்கலாகாது. மின்சாரப் பலகையும் அதற்கு மேலே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. ஆம்பில் ஓடை வெள்ளத்தில் கடை மூழ்கிய நண்பர் ஒருவர் என்னிடம் கூறினார்: “சார், அரிசி போனதுகூடப் பெரிதில்லை. கடன் நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. யார் எவ்வளவு தரவேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பேன்?” நல்லவர்கள் சிலர் தாமாகவே வந்து கொடுத்தார்களாம், மற்றவர்கள் தெருவை மாற்றி நடந்தார்களாம். கடன் நோட்டின் பக்கங்களையும் லைசென்ஸ், வாடகைப் பத்திரம் முதலியவற்றையும் வாரம் ஒருமுறை கைப்பேசியில் படம் எடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். செலவு ஏதுமில்லை.

மூன்றாவது, இன்ஷ்யூரன்ஸ். 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் வந்துள்ளது. வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். கட்டடத்துக்கு மட்டும் பாலிசி எடுத்துச் சரக்கை விட்டுவிடாதீர்கள்.

நான்காவது, நீர் உள்ளே வரும் நேரம். கால் நனையுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வேலையாட்களையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்குச் செல்லுங்கள். நீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடவேண்டாம். திரும்பிப் போய் எதையும் எடுக்கவேண்டாம்.

நீர் வடிந்த பின் துப்புரவு வேலை. உள்ளே இறங்குமுன் மின்சாரம் நிறுத்தப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, சேதத்தைப் படம் எடுத்து, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். சேறு ஈரமாக இருக்கும்போதே வாரித் தள்ளிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கடப்பாரை தேவைப்படும். எலிக்காய்ச்சல் பரவும் காலமாதலால் ரப்பர் பூட்ஸ் இன்றி இறங்கலாகாது. தரையைக் கழுவிப் பிளீச்சிங் பொடி கரைத்த நீரால் துடையுங்கள். கிரைண்டர் மோட்டாரை நன்கு உலர்த்தி, எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகே ஓடவிடுங்கள். மேற்சொன்ன நண்பர் அவசரப்பட்டு அன்றே ஓடவிட்டுக் காயிலைக் கருக்கிக்கொண்டார். வெள்ளநீர் பட்ட மாவையும் அரிசியையும் உலர்த்தி விற்க எண்ணவேண்டாம். கம்பெனியார் பார்த்த பிறகு கொட்டிவிடுங்கள். நம்மிடம் வாங்கிச் சாப்பிடுகிறவர் நம்மை நம்பி அல்லவோ வருகின்றார்!

ஊரை விட்டு வந்த நமக்கு, ஆபத்துக் காலத்தில் ஓடிவர அண்ணன் தம்பிமார் அடுத்த தெருவில் இல்லை. நமக்கு நாமே உறவு. மேட்டில் வீடுள்ளவர்கள், பள்ளத்தில் கடையுள்ள ஓர் அன்பருக்கு, “மழை நாளில் உங்கள் பத்து மூட்டை எங்கள் வீட்டு முன்கட்டில் இருக்கட்டும்” என்று இப்போதே சொல்லி வைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அந்த ஒரு சொல் இருந்தால், நள்ளிரவில் நீருக்குள் இறங்க வேண்டிய அவசியம் அவருக்கு நேராது. மூட்டை போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆள் போனால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?