பன்றி இறைச்சிக்கு ஒரு பொது அளவுகோல்

கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்று பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். தராசு சரியாக இருந்தால் மட்டும் போதாது. கூடைக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பன்றி விற்கும் குடும்பங்களுக்கும் இதே பாடம் பொருந்தும்.

யுத்தத்தாலோ, மண்சரிவாலோ, நீர்த்தேக்கத்துக்குக் காணியைக் கொடுத்ததாலோ இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்குப் பன்றி வளர்ப்பு கைகொடுக்கக்கூடிய தொழில். அதற்குப் பெரிய காணி தேவையில்லை. ஆனால் புதிய ஊரில் வியாபாரியைப் பற்றி நமக்குத் தெரியாது. வேறு வியாபாரியையும் தெரியாது. அவர் பட்டியருகில் நின்று கண்ணால் பார்த்து எடையைச் சொல்கிறார். "கொழுப்பு அதிகம்" என்று விலையைக் குறைக்கிறார். அது உண்மையா, இல்லையா என்று கேட்க நம்மிடம் ஓர் அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாத சந்தையில் அவசரக்காரனே நட்டப்படுகிறான்.

ஐரோப்பாவில் என்ன செய்தார்கள்?

இதே பிரச்சினை ஐரோப்பிய நாடுகளுக்கும் இருந்தது. ஒரு நாட்டில் "முதல் தரம்" என்பது மறு நாட்டில் இரண்டாம் தரமாக இருந்தது. 1970ஆம் ஆண்டு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் எல்லா நாடுகளுக்கும் ஒரே தரவரிசையை வகுத்தது. முதுகுக் கொழுப்பின் தடிப்பும், சதைப்பிடிப்பைக் கண்ணால் பார்த்து மதிப்பதும் அதில் முக்கிய இடம் பெற்றன. 1984இல் அதை மாற்றி, நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பில்லாத சதை என்பதையே அடிப்படையாக்கினார்கள்.

அந்த வரிசை இதுதான்: சதை நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் "எஸ்", 55 முதல் 60 வரை "ஈ", 50 முதல் 55 வரை "யூ", 45 முதல் 50 வரை "ஆர்", 40 முதல் 45 வரை "ஓ", 40க்குக் குறைந்தால் "பி". இந்த அடிப்படை இன்றும் நடைமுறையில் உள்ளது.

எழுத்துகளைவிட முக்கியமானது வேறொன்று. எதை நிறுப்பது என்பதை அவர்கள் முதலில் தீர்மானித்தார்கள். இரத்தம் வடித்து, குடல் நீக்கி, நாக்கு, மயிர், குளம்பு, இனவுறுப்பு, வயிற்றின் உட்கொழுப்பு, சிறுநீரகம், உதரவிதானம் ஆகியவற்றை எடுத்த பிறகு மிஞ்சுவதே "உடல்". அறுத்து 45 நிமிடத்துக்குள் நிறுக்க வேண்டும். சூடு ஆறும்போது எடை குறையும் என்பதால் நூற்றுக்கு 2 கழிக்கப்படும். 60 கிலோ சூடான உடல் 58.8 கிலோ என்று கணக்கில் வரும். இவ்வளவுதான் கழிவு என்று இரு தரப்புக்கும் தெரியும்.

சட்டத்துக்கு முன்பே கூட்டுறவு

தரத்தை அரசாங்கம்தான் விதிக்க வேண்டும் என்பதில்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் 1887ஆம் ஆண்டு விவசாயிகளே கூட்டுறவு முறையில் பன்றி அறுக்கும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் ஜேர்மனி உயிர்ப்பன்றிகளை வாங்குவதை நிறுத்தியது. இங்கிலாந்துக்கு உப்பிட்ட இறைச்சி அனுப்ப வேண்டியிருந்தது. ஒரே தரமான இறைச்சிக்கே அங்கு நல்ல விலை கிடைத்தது. சிறு விவசாயிகள் தனித்தனியே செய்ய முடியாததை ஒன்றுசேர்ந்து செய்தார்கள்.

ஹுன்னஸ்கிரியவில் என்ன செய்யலாம்?

ஐரோப்பிய வரிசையை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டியதில்லை. அங்கு சதையை அளக்கக் கருவிகள் உண்டு. நம்மிடம் நாடாவும் தராசும் அடிமட்டமும் போதும். ஹுன்னஸ்கிரியவில் பன்றி வளர்க்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. உயிர் எடையை நாமே அறிதல். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை மீற்றரில் அளக்கவும். காதடியிலிருந்து வாலடி வரை நீளத்தை அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, பின் நீளத்தால் பெருக்கி, வருவதை 69.3ஆல் பெருக்கவும். சுற்றளவு 1.05 மீற்றர், நீளம் 1.10 மீற்றர் என்றால் ஏறக்குறைய 84 கிலோ. இது மதிப்பீடுதான், தராசு கிடைத்தால் தராசே மேல்.

2. இறைச்சி எடையைக் கணித்தல். வழக்கமாக உயிர் எடையில் நூற்றுக்கு 70 முதல் 75 வரை உடலாக மிஞ்சும். 84 கிலோ பன்றியில் 59 முதல் 63 கிலோ வரை எதிர்பார்க்கலாம். வியாபாரி 50 கிலோ என்று சொன்னால், ஏன் என்று கேட்க நமக்கு இப்போது ஒரு கணக்கு இருக்கிறது.

3. கொழுப்பை ஒரே இடத்தில் அளத்தல். உடலை இரண்டாகப் பிளந்ததும், கடைசி விலா எலும்புக்கு நேரே முதுகுக் கொழுப்பின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்து எழுதவும். பத்துப் பன்றிகளின் அளவு சேர்ந்தபின், எது மெல்லியது, எது நடுத்தரம், எது தடித்தது என்று வியாபாரியுடன் பேசி மூன்று தரமாகப் பிரிக்கலாம்.

4. எழுதிக் கொடுத்தல். எடை, கழிவு, கொழுப்பின் அளவு, தரம், விலை ஆகியவை ஒரு துண்டில் எழுதப்பட்டு இரு தரப்பிடமும் இருக்க வேண்டும்.

அளவுகோல் நம்மையும் கட்டும். நிறுக்கும் நாளன்று தீனியும் தண்ணீரும் வயிறு நிறையக் கொடுத்து எடை கூட்டக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த முறை எல்லாருடைய பன்றிக்கும் விலை குறையும்.

தரம் பிரிப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. பன்றி வளர வளர, தின்னும் தீனியில் கூடுதலான பங்கு கொழுப்பாகவே மாறும். காயடித்த ஆண் பன்றி பெண் பன்றியைவிட விரைவில் கொழுக்கும். துண்டுகளைப் பார்த்து வந்தால், தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் செலவழிப்பதை எப்போது நிறுத்தி விற்பது என்பது விளங்கும்.

நோயை மறக்க வேண்டாம்

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிலும் பரவியது. மனிதருக்கு அது தொற்றாது; பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும். ஆகவே நோய்ப்பட்ட பன்றியை அவசரமாக விற்கவோ அறுக்கவோ கூடாது. உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். கடைகளிலிருந்து கொண்டுவரும் எச்சிலைக் கொதிக்க வைக்காமல் கொடுக்காதீர்கள். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி பெற்ற இடத்தில், பரிசோதனைக்குப் பின்பே விற்பனைக்கு அறுக்க வேண்டும். நலமான பன்றி என்பதே முதல் தரம். மற்றத் தரமெல்லாம் அதற்குப் பின்புதான்.

கூட்டத்தில் பேசுவதற்கு

கடைசியாக விற்ற பன்றியின் எடையை யார் சொன்னார்? எதற்காக எவ்வளவு கழித்தார்கள்? நம்மில் எத்தனை குடும்பம் ஒரே நாளில் சேர்ந்து விற்க முடியும்? பொதுவாக ஒரு தராசு வாங்க ஒவ்வொருவரும் எவ்வளவு போட வேண்டும்?